ஐந்து நிமிட வேடம்

தூக்குமேடை தயாராகிவிட்டது. பொழுது விடிந்தால் ஒருவனுக்கு முடிவு. தூக்குப் போடுபவன் சிறைச்சாலைக்கு வந்து சேருகிறான். முகத்திலே கவலை! கயிறு அறுந்துவிடுமோ என்றா? இல்லை. நிரபராதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றா? அதுவும் இல்லை. சாகப்போகிறவர் ஒரு கோமகனாயிற்றே, அவரை எப்படி விளித்துப் பேசுவது முறை என்பதுதான் அவனைப் பிடித்தாட்டும் கவலை!

உயிரை எடுக்கலாம், மரியாதை குறைந்துவிடக் கூடாது! ஏழை எளியவர்களைச் சணற்கயிற்றிலே தொங்கவிட்ட கை அது. கோமகனுக்கோ பட்டுக் கயிறு! பட்டைத் தொட்ட கை இனிச் சணலைத் தொடுமா? தொழிலின் சிகரத்தை எட்டிவிட்டோம், இத்தோடு ஓய்வு பெறுவோம் என்று பூரிக்கிறான் அவன். சாகப்போகிறவரிடம் படித்துக்காட்ட, தானே புனைந்த கவிதை ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருக்கிறான்!

1949ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தார் தயாரித்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனட்ஸ்' என்ற படத்தில் வரும் காட்சி இது. அந்தப் படத்தில் அலெக் கின்னஸ் எனும் பெரும் நடிகர் எட்டு வேடங்களில் தோன்றுகிறார். எட்டையும் கண்டேன், வியந்தேன். ஆனால் நண்பர் இல்லத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, என் நெஞ்சைவிட்டு அகலாமல் கூடவே வந்தவன் அந்தத் தூக்குப் போடுபவன்தான். மொத்தம் ஐந்து நிமிடம் வந்திருப்பானோ என்னவோ! அந்த ஐந்து நிமிடத்தில், உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்று மனிதரைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு சமுதாயத்தின் முட்டாள்தனம் முழுவதையும் அவன் நம் முன் விரித்துக் காட்டிவிட்டான். சாவிலும் சாதி பார்க்கும் நாட்டிலே பிறந்தவனுக்கு, அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

யார் இந்த நடிகர்? மடிப்பு மடிப்பான தாடை, வியப்பால் விரிந்த விழிகள், எதற்கும் தயங்கும் குரல். எங்கேயோ பார்த்த முகமாயிற்றே என்று எண்ணினேன். நினைவு பின்னோக்கி ஓடிற்று.

எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்க் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து, 1940இல் வெளிவந்த 'தீஃப் ஆஃப் பாக்தாத்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். மைசூர்ச் சீமையிலிருந்து சென்று உலகப் புகழ் பெற்ற சாபு என்ற இளைஞன் அதிலே திருடன். கொட்டகையே அவனைக் கண்டு கைதட்டியது. நான் கைதட்டியது பாஸ்ரா நகரத்துச் சுல்தானுக்காக. பொம்மைப் பைத்தியம் பிடித்த கிழவர் அவர்! அரண்மனை நிறைய விசைப் பொம்மைகள். வானிலே பறக்கும் பொம்மைக் குதிரை ஒன்றுக்காகப் பெற்ற மகளையே ஒரு கொடியவனுக்குக் கொடுக்க இசைந்துவிடுகிறார். முடிவில், பல கைகள் கொண்ட வெள்ளிப் பதுமை ஒன்று அவரைத் தழுவுவதுபோல் தழுவிக் குத்திக் கொன்றுவிடுகிறது. அரியணையில் அமர்ந்திருப்பவன் அறிவாளியாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்ற உண்மையை, எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தருமுன்னர் எனக்குச் சொல்லித் தந்தவர் அந்தச் சுல்தான்.

சுல்தானும் தூக்குப் போடுபவனும் ஒருவரே! பெயர் மைல்ஸ் மாலிசன். சுல்தானாக நடித்தது மட்டுமல்ல, அந்தப் படத்தின் திரைக்கதையையும் உரையாடலையும் எழுதியவரும் அவரே. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் பாதிரியாராக, மருத்துவராக, தையற்காரராக, பிணப்பெட்டிக்காரராக வந்து போனவர். குணச்சித்திர நடிகர் என்று கூறுகிறோமே, அந்த இனத்திலே முதல் வரிசைக்காரர். சிரிப்பு நடிகர் ஒருவரின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோமே என்று பொழுதுபோக்காகத் தேடத் தொடங்கினேன். தேடிக் கிடைத்த செய்தி என் பொழுதைப் போக்கவில்லை; பல இரவு என் தூக்கத்தைத்தான் போக்கிற்று.

1888 மே 25ஆம் நாள், லண்டனை அடுத்த கிராய்டனில் பிறந்தவர் மாலிசன். தந்தையார் வேதிப்பொருள் உற்பத்தியாளர், வசதியான குடும்பம். பிரைட்டன் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் எம்மானுவல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு வேடிக்கை. சொற்போர் மன்றத்தின் விருந்துக்கு வரவேண்டிய பாராளுமன்ற உறுப்பினர் வரவில்லை. மாலிசன் அவரைப்போல் வேடம் தாங்கிச் சென்று, சொற்பொழிவும் ஆற்றி, அமர்ந்துவிட்டார். கேட்டவர்கள் ஐயுறவே இல்லை! உண்மை வெளிப்பட்டபோது பெரும் பரபரப்பு. பெரிய மனிதர் என்பதே ஒரு வேடம்தான், அணியத் தெரிந்தவன் அணிந்துகொள்ளலாம் என்பதை அன்றே கண்டுகொண்டார் போலும்! பிறகு லண்டனில் நடிப்புப் பயிற்சிக் கழகத்தில் பயின்று மேடை ஏறினார்.

1914இல் மூண்டது முதல் உலகப் பெரும் போர். கொடிகள் பறந்தன, முரசுகள் அதிர்ந்தன, பாதிரிமார்கள் துப்பாக்கிகளை வாழ்த்தினார்கள். போருக்குப் போகாத ஆடவரின் கையிலே, கோழை என்பதற்கு அடையாளமாக, வெள்ளை இறகைத் திணித்தனர் தெருவிலே செல்லும் பெண்கள். மாலிசனும் படையில் சேர்ந்தார். மால்ட்டாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். உடல் நலம் குன்றியது. 1915 சனவரியில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இந்த இடத்திலே சற்று நின்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர் போருக்குப் போனவர், நோயுற்றுத் திரும்பியவர். இனி எவரும் அவரைக் கோழை என்று சொல்ல முடியாது. சட்டமும் அவரைத் தொடவில்லை. மேடை காத்திருந்தது, இளமை இருந்தது. வாய் திறவாமல் இருந்திருந்தால் வாழ்வு வளமாக ஓடியிருக்கும்.

அவர் வாய் திறந்தார்.

1916இல் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் வந்தது. கொல்வதற்கு எங்கள் மனச்சாட்சி இடந்தரவில்லை என்று ஏறத்தாழ 16,000 பேர் மறுத்தனர். பலர் சிறைக்குச் சென்றனர். பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்ட 35 பேருக்கு மரண தண்டனையே வாசிக்கப்பட்டு, பின்னர் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. அவர்களைக் கிறுக்கர்கள் என்று ஏசின ஏடுகள். கிறுக்கர் யார், அறிவுடையோர் யார் என்று கேட்டு, அவர்களுக்கு ஆதரவாகத் துண்டு வெளியீடுகள் எழுதினார் மாலிசன்.

அதோடு நிற்கவில்லை. இரண்டு ஓரங்க நாடகங்கள் தீட்டினார். ஒன்றின் பெயர் 'டி கம்பெனி'. மால்ட்டாவில் தாம் கண்ட சிப்பாய்களின் வாழ்வு அது. மற்றொன்று 'பிளாக் எல்'. அந்தப் பெயரைக் கருநரகம் என்று நாம் சொல்லலாம். எதிரிகளைக் கொன்று குவித்ததற்காக விருது பெற்ற இளம் அதிகாரி ஒருவன் விடுப்பிலே வீடு திரும்புகிறான். பெற்றோர் பெருமையில் மிதக்கின்றனர், காதலி மகிழ்கிறாள், ஊர் வாழ்த்துகிறது. அவன் கண்ணிலோ தன் கையால் கொல்லப்பட்டவனின் முகம்! இங்கே நம் வீட்டிலே பேசுவதைத்தான் அங்கே அவர்கள் வீட்டிலும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. இனிக் கொல்லமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் நாடகம்.

லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் 'வெடிகுண்டுக் கடை' என்றே பெயர் சூட்டிக்கொண்ட புத்தகக் கடை ஒன்று இருந்தது. சீர்திருத்த நூல்களை விற்ற கடை அது. அங்கிருந்து இந்த நாடகங்கள் 1916இல் நூலாக வெளிவந்தன. வெளிவந்தது தாமதம், போலீசார் பாய்ந்தனர். படிகளைப் பறிமுதல் செய்தனர். பிரிட்டிஷ் சிப்பாயின்மீது வேண்டுமென்றே சுமத்தப்பட்ட அவதூறு என்பது ஆட்சியாளர் சொன்ன காரணம். சிப்பாயை இலட்சக்கணக்கில் சேற்றிலே சாகவிட்டவர்கள், சிப்பாயின் மானத்தைக் காக்கப் புறப்பட்டார்கள், அவனுக்காக அழுதவனிடமிருந்து!

இதைப் படித்த இரவுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும் மற்றவரின் வீரத்தை எழுதுபவன் தன் கோழைத்தனத்தை மறைத்துக்கொண்டு எழுதுவது அறம் ஆகாது.

நான் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றிய காலம். அலுவலகத்து ஆண்டு விழாவுக்கு, என்னோடு பணியாற்றிய இளைஞர் ஒருவர் நாடகம் எழுதினார். மனுக்கொடுக்க வந்த கிழவியிடம் கையூட்டு வாங்கும் குமாஸ்தாவைப் பற்றிய கதை. அந்தக் குமாஸ்தா வேடம் எனக்கு. ஐந்து நிமிட வேடம்தான்! ஒத்திகையிலே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செய்தி மேலிடத்துக்கு எட்டியது. நாடகத்தை நிறுத்தும்படி எவரும் எழுத்தால் ஆணையிடவில்லை. என்னை அழைத்து, "உங்களுக்கு எதற்கு ஐயா இந்த வம்பு?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு மறுநாள் காய்ச்சல் வந்துவிட்டது! வந்ததாகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக வேலைகள் வந்துவிட்டன. நாடகம் நடக்கவில்லை. சில திங்களில் அந்த இளைஞர் தொலைதூர ஊருக்கு மாற்றப்பட்டார். பேருந்து நிலையத்துக்குச் சென்று வழியனுப்பக்கூட என் கால்கள் எழவில்லை.

என்னைத் தொடாத நெருப்பு, எனக்கு எதற்கு என்று நான் ஒதுங்கினேன். தன்னைத் தொடாத நெருப்பில்தான் மாலிசன் வலியச் சென்று கை வைத்தார். வேறுபாடு அவ்வளவுதான், அந்த அவ்வளவிலே அடங்கியிருக்கிறது எல்லாம்.

போர் ஓய்ந்தது. மாலிசன் ஓயவில்லை. 1920களில் சுயேச்சைத் தொழிற்கட்சியின் கலைக் கழகத்துக்கு இயக்குநராக இருந்து, நாடெங்கும் தொழிலாளர் நாடகக் குழுக்கள் தோன்றப் பாடுபட்டார். சீமான்களும் சீமாட்டிகளும் வைர நகை மின்ன வந்து அமரும் அரங்கங்களே நாடகம் என்றிருந்த நாட்டிலே, பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையிலே மேடை ஏறினார்கள். நாடகம் உழைப்பாளியின் கையிலே எத்தகைய கருவியாகும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்லவே!

1934இல் ஹாரி புரூக்ஸ் என்பவரோடு இணைந்து, 'சிக்ஸ் மென் ஆஃப் டார்செட்' என்ற நாடகத்தைத் தீட்டினார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், 1833இல், டார்செட் மாவட்டத்து டால்படில் சிற்றூரில் ஆறு பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். கிழமைக்கு ஒன்பது ஷில்லிங்காக இருந்த கூலி, ஏழாகக் குறைந்து, ஆறாகப் போகும் என்ற நிலை. வயிறு பொறுக்குமா? கூடினார்கள், உறுதி எடுத்துக்கொண்டார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. ஆகவே சட்ட விரோதமாகச் சபதம் ஏற்றார்கள் என்று குற்றம் சாட்டி, ஏழாண்டு நாடு கடத்தி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்த பிறகே, 1836இல், மன்னிப்பு வழங்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! அந்த அறுவரைத்தான் மாலிசன் மேடையிலே உயிர்ப்பித்தார். தொழிலாளர் குழுக்கள் ஊர் ஊராக அதை நடித்தன.

அவருடைய இல்லறமும் பழைய வழியில் சென்றதல்ல. 1915இல் அவர் மணந்த கான்ஸ்டன்ஸ், பிரபு குலத்துப் பெண், கோலெட் ஓனீல் என்ற பெயரில் மேடை ஏறிய நடிகை, போர் எதிர்ப்பாளர். ஒருவர்மீது ஒருவர் உடைமை கொண்டாடுவதில்லை என்பது அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். 1916இல் கட்டாயப் படைச் சேர்ப்பு எதிர்ப்புக் கழகத்தின் பணியிலே கான்ஸ்டன்ஸ் ஒரு பேரறிஞரைச் சந்தித்தார், காதல் மலர்ந்தது. அந்த அறிஞர், நம் இளைஞர்கள் ஏடு ஏடாகப் படித்திருக்கும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்! போரை எதிர்த்ததற்காக 1916இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலே விரிவுரையாளர் பதவியை இழந்து, 1918இல் ஆறு திங்கள் சிறைத் தண்டனை பெற்றவர். மனைவி என் சொத்து என்று மாலிசன் கொதிக்கவில்லை. இத்தகைய ஏற்பாடு எல்லோருக்கும் ஏற்றதென்று நான் வாதாட வரவில்லை. பெண் ஒரு பொருளல்ல என்று மேடையிலே முழங்கிவிட்டு, வீட்டிலே அவளைப் பூட்டி வைக்கும் வீரர்களை நிரம்பக் கண்டிருக்கிறோம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

1923இல் மணவிலக்குப் பெற்று, ஜோன் பில்சன் என்ற பெண்ணை மணந்தார். அவர் மருத்துவரானார், பெண்களுக்குக் கருத்தடை அறிவு பரவ உழைத்தவர். 1938இல் லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிப்பாய்கள் கெடுத்துவிட்டனர். அவள் கருவுற்றாள். கருக்கலைப்புக் குற்றம் என்ற சட்டம் குறுக்கே நின்றது. மருத்துவர் ஜோன் மாலிசன், அந்தச் சிறுமியை அலெக் போர்ன் என்ற மகப்பேற்று மருத்துவரிடம் அனுப்பினார். போர்ன் அறுவை செய்தார். தாமே காவல் துறைக்கும் தெரிவித்தார். வழக்கு நடந்தது, விடுதலையானார். தாயின் உடல், மன நலத்தைக் காக்கும்பொருட்டு மருத்துவர் செய்வது குற்றமாகாது என்பதற்கு அந்தத் தீர்ப்பு வழி திறந்தது. 1967இல் வந்த சட்டத்துக்கு அது ஒரு படிக்கல். அந்த மணவாழ்வும் 1940இல் முடிவுற்றது. ஆனால் அந்தப் பெயர் இங்கிலாந்தின் பெண்ணுரிமை வரலாற்றிலே நிலைத்துவிட்டது.

மாசு மறுவற்றவரா மாலிசன் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், கேள்வி கேட்காமல் மாலை போடுவது நம் பழக்கமல்ல. போரை எதிர்த்த அதே பேனா, 1937இல் 'விக்டோரியா தி கிரேட்' என்றும், 1938இல் 'சிக்ஸ்டி குளோரியஸ் இயர்ஸ்' என்றும், விக்டோரியா அரசியின் புகழ்பாடும் இரண்டு படங்களுக்குத் திரைக்கதை எழுதுவதிலும் பங்கு கொண்டது. அந்த அரசியின் பெயரால் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களில் நம் பாட்டன்மாரும் இருந்தனர். பிழைப்புக்காக எழுதினார் என்று சொல்லி நான் அதை மூடப்போவதில்லை. டால்படில் தொழிலாளரையும் விக்டோரியாவையும் எழுதிய கை ஒன்றே. மனிதன் அப்படித்தான், முழுக் கருப்பும் இல்லை, முழு வெளுப்பும் இல்லை. சிலை செய்வோர்க்கு இது இடைஞ்சல். சிந்திப்போர்க்கு இதுவே பாடம்.

அவருடைய சிறு வேடங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், ஒரு உண்மை புலப்படுகிறது. 1952இல் வந்த, ஆஸ்கார் வைல்டின் 'இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' படத்தில் அவர் பாதிரியார் சேசுபிள். மகிழ்ச்சியானாலும் துயரமானாலும் ஒரே பிரசங்கத்தைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்திக்கொள்பவர் அந்தப் பாதிரியார்! திதிக்கும் திருமணத்துக்கும் ஒரே வாயால் ஓதுவோரைக் கண்ட நமக்கு அவர் அயலாரா? 1960இல் வந்த 'பீப்பிங் டாம்' படத்தில், கண்ணியமான கனவானாகக் கடைக்கு வந்து, செய்தித்தாள் கேட்டு, பிறகு குரலைத் தாழ்த்தி ஆபாசப் படங்களை வாங்குகிறார். கடைக்காரர் அவற்றை வைத்துக் கொடுக்கும் உறையிலே, கல்வி நூல்கள் என்று எழுதியிருக்கிறது! உயர்ந்தோர் என்று உலவுவோரின் உறையைக் கிழித்து உள்ளே இருப்பதைக் காட்டுவதே இந்த வேடங்கள் செய்யும் வேலை.

அந்த வேலையின் ஆசான் யார் என்றும் அவருக்குத் தெரியும். பிரெஞ்சு நாடக மேதை மோலியேரின் நாடகங்களை ஆங்கிலத்திலே தழுவி எழுதி, அவற்றில் தாமும் நடித்தார். 'தார்த்துயுஃப்' அவற்றில் ஒன்று. பக்தி வேடம் பூண்டு ஒரு குடும்பத்தையே சுரண்டும் எத்தனின் கதை. 1664இல் அரசன் முன் அரங்கேறியதும், மதவாதிகள் கொதித்தெழுந்தனர், நாடகம் தடைசெய்யப்பட்டது. 1669இல்தான் பொதுமக்கள்முன் நடிக்க முழு அனுமதி கிடைத்தது. ஒரு நாடகத்துக்கு ஐந்தாண்டு வனவாசம்! தம் நாடகங்களே பறிமுதலானதைக் கண்ட மாலிசன், தடை செய்யப்பட்ட அந்த நாடகத்தை ஆங்கில மேடையிலே சிரிக்க வைத்தபோது, நெஞ்சுக்குள் தாமும் சிரித்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியது, நடிப்பு நின்றது. 1969 மார்ச் 15ஆம் நாள், 80ஆம் வயதில், கண் அறுவை மருத்துவத்தைத் தொடர்ந்து, லண்டனில் மறைந்தார். நினைவுக் கூட்டத்தில் சிபில் தார்ன்டைக்கும் லாரன்ஸ் ஒலிவியரும் நூற்பகுதிகளைப் படித்தனர். நாயகர்களாக வாழ்ந்தவர்கள், ஐந்து நிமிட நடிகருக்கு எழுந்து நின்று செலுத்திய வணக்கம் அது.

நான் என் நண்பரைத் தேடிச் சென்றேன். ஆம், மாற்றலாகிப் போன அதே நண்பரை. இருவர் தலையும் நரைத்துவிட்டன. காய்ச்சல் பொய் என்று சொன்னேன். "அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார். சினமில்லை, அதுதான் சுட்டது. உள்ளே சென்று, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பழுப்பேறிய தாளிலே அந்த நாடகம். குமாஸ்தா என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரே, பென்சிலால், என் பெயர்.

எவரும் பறிமுதல் செய்யாத நாடகம் அது. எங்கள் அச்சமே அதைப் பறிமுதல் செய்துவிட்டது.

நோட்டை வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் படிப்பகத்து இளைஞர்கள் நடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குமாஸ்தா வேடத்துக்கு ஆள் தேட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.